கேட்காமல் போட்ட பங்கு

இலங்கை மலையகத்தில் ரயிலுக்குக் ‘கோச்சி’ என்று பெயர். தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன வண்டியை அந்த மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். அண்ணன் பெட்டிக்குள், தம்பி மேடையில் என்று குடும்பங்கள் பிரிந்தன.

யார் அவர்கள்?

19ஆம் நூற்றாண்டில் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிச் சென்ற கூலிகளின் வழிவந்தவர்கள். காவிரி பாய்ந்தும் சொந்தமாக ஒரு மா நிலம் இல்லாமல் கடல் கடந்தவர்கள் அந்தக் கூலிகள்.

எப்படி வெளியேற்றப்பட்டார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விடுதலை பெற்ற இலங்கை, 1948 குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974 ஜனவரியில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கு போடும்போது அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

கடலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அதே 1974 ஜூனில், அதே இரு நாடுகள் கடலையும் பிரித்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. மீனவர்களையும் யாரும் கேட்கவில்லை. இன்று நாகைப் படகு எல்லை தாண்டினால் கைது, பறிமுதல். அக்கரையில், நம் இழுவைமடியால் வலை அறுந்து நிற்பவரும் தமிழ் மீனவர்தான். இரு அரசுகளும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கின்றன.

மக்களைப் பிரித்த பழைய கணக்கு முடிந்ததா?

இல்லை. 1983 கலவரத்துக்குப் பின் போர் மூண்டது. அனுப்பப்பட்டவர்களை ஏற்றிவந்த ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் 1984-ல் நின்றது. பிறகு அகதிகளாக வந்தவர்களில் மலையகத் தமிழரும் உண்டு. தன் மண்ணில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கை 2003-ல் சட்டம் இயற்றிக் குடியுரிமை கொடுத்தது. இங்கே, திருச்சி முகாம்களைச் சேர்ந்த 65 பேர் குடியுரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் உத்தரவிட்டது. அந்த டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அதில் ஏற பாஸ்போர்ட் வேண்டும். தஞ்சைச் சீமையிலிருந்து போனவரின் பேரன், திருச்சி முகாமில் பிறந்தவன், எந்த நாட்டு பாஸ்போர்ட்டைக் காட்டுவான்? அவனை இப்போதாவது கேளுங்கள்.