எரிவாயுக் குழாய் எட்டாத வீடுகளும் சர்க்கார் மான்யமும்

கிரேட் பிரிட்டன் குளிர் மிகுந்த தேசம். அங்கே வருஷத்தில் ஏறக்குறைய பாதிக் காலம் வீட்டினுள் உஷ்ணம் உண்டாக்கிக்கொள்ளாமல் ஜனங்கள் சுகமாக வசிப்பது அரிது. வட கடலின் அடியில் கிடைத்த இயற்கை வாயுவை வீடுகளுக்கு வழங்குவதற்காக, 1967 முதல் 1977 வரை பத்து வருஷ காலத்தில் தேசமெங்கும் அடுப்புகளும் பாய்லர்களும் மாற்றி அமைக்கப்பட்டன. நகரங்களிலும் பெரிய ஊர்களிலும் பூமிக்கடியில் செல்லும் குழாய் வழியே இவ்வாயு வீட்டுக்கு வீடு வந்து சேருகிறது. ஆனால் பண்ணை வீடுகளும் மலையடிவாரச் சிற்றூர்களும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருப்பவை. நாலைந்து வீடுகளுக்காகப் பல மைல் குழாய் பதிப்பது கட்டுப்படியாகாது என்று அவை விடப்பட்டன. இவ்விதம் விடப்பட்ட குடும்பங்களுக்குச் சர்க்கார் அளித்துவந்த மான்யங்களின் விவரமும், அவற்றின் நன்மை தீமைகளும் கிராம அபிவிருத்தியில் கருத்துடையோர் அனைவரும் அறியத்தக்கவை.

எரிபொருளும் அதன் இடர்களும்

குழாய் இல்லாத கிராம வீடுகளில் பல மண்ணெண்ணெயை எரித்தே வெப்பம் பெறுகின்றன. வீட்டின் புறத்தே பெரிய தொட்டி ஒன்று வைத்து, லாரியில் வரும் எண்ணெயை ஒரே தடவையில் 500 லிட்டர் அல்லது அதற்கு மேலாக வாங்கி நிரப்புவது வழக்கம். சிலர் தொட்டிகளில் அடைத்த திரவ வாயுவையும், சிலர் விறகு, நிலக்கரி, மின்சாரம் ஆகியவற்றையும் உபயோகிக்கின்றனர். குழாய் வாயுவுக்கும் மின்சாரத்துக்கும் அதிகாரிகள் உச்ச விலை விதித்திருந்த காலத்திலும் மண்ணெண்ணெய்க்கு அவ்வித வரம்பு இருந்ததில்லை. 2022-ஆம் வருஷத்தில் விலைகள் திடீரென்று ஏறியபோது இக்குடும்பங்கள் மிகவும் இடர்ப்பட்டன. அவ்வருஷக் குளிர்காலத்துக்கென ஒவ்வொரு குடும்பத்துக்கும் 200 பவுன் உதவித் தொகை வழங்கப்பட்டது. எனினும் இவ்வகை உதவி எரிபொருளோடு எரிந்து போவது. நிலையான பரிகாரம் வீட்டைச் செப்பனிடுவதேயாகும்.

உஷ்ணம் வெளியேறும் வழிகள்

வரப்பு உடைந்த வயலுக்கு எவ்வளவு நீர் இறைத்தாலும் பயிருக்குப் பயன்படாது. அதுபோலவே உஷ்ணத்தைத் தாங்காத வீட்டில் எவ்வளவு எண்ணெய் எரித்தாலும் வீணே. காப்பில்லாத வீட்டில் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுவர்களின் வழியாகவும், நான்கில் ஒரு பங்கு கூரையின் வழியாகவும் வெளியேறுகிறது. எஞ்சியது தரை, ஜன்னல், கதவிடுக்கு முதலியவற்றால் போகிறது.

கூரைக்கும் மச்சுக்கும் இடையேயுள்ள வெளியில் கண்ணாடி நார் அல்லது கனிஜ நாராலாகிய பஞ்சை 270 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புவது யாவற்றிலும் எளிதான காப்பு. சுவர் விஷயம் அவ்வளவு எளிதன்று. 1920-ஆம் வருஷத்துக்குப் பின் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு சுவர்களும் அவற்றிடையே சிறு இடைவெளியும் உண்டு. அவ்விடைவெளியைப் பஞ்சு முதலியவற்றால் நிரப்பிவிடலாம். அதற்கு முந்திய பண்ணை வீடுகள் கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய ஒற்றைச் சுவருடையவை. அவற்றுக்கு உட்புறத்திலோ வெளிப்புறத்திலோ பலகைபோன்ற காப்புப் பொருளைப் பொருத்த வேண்டும். செலவும் மிகுதி, வேலையும் நுட்பமானது.

சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழஞ்சுவர் மழை ஈரத்தைச் சிறிது உறிஞ்சிப் பின்னர் உலர்ந்துவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சையோ நீராவி புகாத பலகையையோ ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் ஓதம் காக்கும். மரச் சட்டங்கள் உளுக்கும். பூஞ்சணம் படர்ந்து குழந்தைகளுக்கும் முதியோருக்கும் சுவாச நோய் உண்டாகும். ஆகவே காப்பு அமைக்கும்போதே காற்றோட்டத்துக்கும் வழி செய்தல் இன்றியமையாதது.

உஷ்ணப் பம்பு

பாய்லருக்குப் பதிலாக இப்போது சிபாரிசு செய்யப்படும் யந்திரம் உஷ்ணப் பம்பு என்பது. குளிர்சாதனப் பெட்டி தன்னுள் இருக்கும் உஷ்ணத்தை வெளியே தள்ளுவதுபோல், இது வெளிக்காற்றிலோ பூமியிலோ உள்ள உஷ்ணத்தைத் திரட்டி வீட்டினுள் சேர்க்கிறது. நன்றாக அமைந்த பம்பு ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டு ஏறக்குறைய மூன்று யூனிட் உஷ்ணம் தரும். ஆயினும் பாய்லரைப்போல் நீரை 70 டிகிரிக்குமேல் காய்ச்சாமல் 45 முதல் 55 டிகிரி வரை காய்ச்சும்போதே இது சிக்கனமாக வேலை செய்யும். ஆகையால் அறைகளிலுள்ள உஷ்ணத் தகடுகள் பெரியவையாக இருக்க வேண்டும். வீடும் உஷ்ணத்தைத் தாங்க வேண்டும்.

உதாரணமாக, வருஷத்துக்கு 2,000 லிட்டர் மண்ணெண்ணெய் எரிக்கும் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 யூனிட் வீதம் 20,000 யூனிட் ஆகிறது. பாய்லரில் நூற்றுக்கு 15 பாகம் வீணாகுமானால் வீட்டுக்குக் கிடைப்பது 17,000 யூனிட். இதே உஷ்ணத்தைப் பம்பினால் பெற ஏறக்குறைய 5,700 யூனிட் மின்சாரம் தேவை. முதலில் காப்பு அமைத்து வீட்டின் தேவையை நான்கில் ஒரு பங்கு குறைத்துவிட்டால் 4,250 யூனிட் போதும். சிறிய பம்பே போதுமானதாகவும் ஆகலாம். மின்சாரம் விலையுயர்ந்ததாகையால் இவ்வித்தியாசம் வருஷந்தோறும் குடும்பத்தின் கையைக் கடிக்கும் அல்லது காக்கும்.

மான்யங்களின் விவரம்

வீட்டுக் காப்புக்கு மான்யம் அளிப்பது புதிதன்று. 1978-ஆம் வருஷத்திலேயே இதற்கெனப் பார்லிமெண்டில் சட்டம் இயற்றப்பட்டு, ஸ்தல ஸ்தாபனங்களின் மூலம் பணம் வழங்கப்பட்டது. பிற்காலத்துத் திட்டங்களில் முக்கியமானவை வருமாறு:

1. வாயுக் குழாய் இல்லாத வீடுகளுக்கென்றே இங்கிலாந்தில் ஏற்பட்ட வீடு மேம்பாட்டு மான்யம். இதன் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடைபெற்றது. குறைந்த வருமானமுடைய, உஷ்ணத் தரம் தாழ்ந்த வீடுகளில் வசிப்போர் இதற்கு உரியவர்.

2. அதற்குப் பின் 2025 ஏப்ரலில் ஆரம்பமான ஸ்தல மான்யம். இதில் குழாய் உள்ள வீடுகளும் சேர்க்கப்பட்டன. வீடுகளுக்கு ஏ முதல் ஜி வரை வகுத்த உஷ்ணத் தரத்தில் டி அல்லது அதற்குக் கீழ்ப்பட்டிருத்தலும், குடும்ப வருமானம் 36,000 பவுனுக்கு மேற்படாதிருத்தலும் பொதுவான நிபந்தனைகள். காப்பு முதலிய வேலைகளுக்கு 15,000 பவுன் வரையிலும், புதிய உஷ்ண சாதனத்துக்கு 15,000 பவுன் வரையிலும் வரம்பு விதிக்கப்பட்டது.

3. பாய்லரை மாற்றுவோருக்கான மான்யம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 மே மாதத்தில் தொடங்கிய இத்திட்டத்தில் வருமான நிபந்தனை வைக்கப்படவில்லை. காற்று உஷ்ணப் பம்புக்கு முதலில் 5,000 பவுனாக இருந்த தொகை 2023 அக்டோபரில் 7,500 பவுனாக உயர்த்தப்பட்டது. விறகுக் கட்டி எரிக்கும் பாய்லருக்கு 5,000 பவுன். இது குழாய் இல்லாத கிராம வீடுகளுக்கு மட்டுமே உரியது. பம்பு அமைப்பவரே மனுச் செய்து, மான்யத் தொகையைக் கிரயத்தில் கழித்துக்கொள்வது முறை.

ஸ்காட்லாந்துக்குத் தனித் திட்டம் உண்டு. அதில் கிராமங்களிலும் தீவுகளிலும் உள்ள வீடுகளுக்கு 7,500 பவுனுக்கு மேல் 1,500 பவுன் கூடுதலாக அனுமதிக்கப்பட்டது.

வீட்டை வாடகைக்கு விடும் நிலச் சொந்தக்காரருக்கும் கடமை உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 ஏப்ரல் முதல், விலக்குப் பெற்றவை நீங்கலாக, ஈ தரத்துக்குத் தாழ்ந்த வீட்டை வாடகைக்கு விடலாகாது என்பது விதியாயிற்று.

நேர்ந்த பிழைகள்

பணம் ஒதுக்குவதனால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. 2020 செப்டம்பரில் தொடங்கிய ஒரு வவுச்சர் திட்டம் 6,00,000 வீடுகளைச் செப்பனிடும் நோக்கமுடையது. அவசர அவசரமாக வகுக்கப்பட்ட அத்திட்டம் ஆறே மாதத்தில், 2021 மார்ச்சில் மூடப்பட்டது. பயன் பெறும் வீடுகள் ஏறக்குறைய 47,500 மட்டுமே என்று தேசியத் தணிக்கை இலாகா மதிப்பிட்டது. போதிய காலமின்றி வேலையாட்களைப் பழக்குவதும் சாமான் சேகரிப்பதும் இயலாமற் போயின.

இதனினும் கொடிய பிழை பின்னர் வெளிப்பட்டது. எரிசக்திக் கம்பெனிகளின் மூலம் நடைபெற்ற திட்டங்களில் வெளிச்சுவர்க் காப்பு அமைத்த வீடுகளில் நூற்றுக்கு 98 பாகம், அதாவது 22,000-க்கு மேற்பட்ட வீடுகள், திருத்த வேண்டிய பெருங்குறைகள் உடையவை என்று 2025 அக்டோபரில் அதே தணிக்கை இலாகா அறிவித்தது. தேர்ச்சியற்ற வேலையாட்களை உள்குத்தகைக்கு அமர்த்தியதும், மேற்பார்வை தளர்ந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. குளிருக்கு அஞ்சி மான்யம் பெற்ற குடும்பங்கள் ஓதத்துக்கும் பூஞ்சணத்துக்கும் ஆளாயின. இலவசமாகக் கிடைத்த வேலையே அவர்களுக்குப் பாரமாயிற்று.

கவனிக்கத்தக்க முறைகள்

இவ்வநுபவங்களிலிருந்து அத்தேசத்தார் கைக்கொள்ளும் ஒழுங்கு வருமாறு:

(1) வேலைக்கு முன் வீடு முழுவதையும் தகுதியுள்ளவர் பரிசோதித்தல். ஒழுகும் கூரை, உடைந்த நீர்த்தாரை, ஈரச் சுவர் இவற்றை முதலில் செப்பனிடுதல்.

(2) முதலில் காப்பும் காற்றோட்டமும், பின்னரே உஷ்ண யந்திரம். யந்திரத்தின் அளவைக் காப்புக்குப் பின்னுள்ள தேவைப்படி கணக்கிடுதல்.

(3) பழஞ்சுவருக்கு அதன் இயல்புக்கு ஒத்த பொருளையே உபயோகித்தல்.

(4) பதிவு பெற்ற வேலைக்காரரிடமே வேலையை ஒப்படைத்து, உத்தரவாதப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருத்தல்.

(5) வீடு தேடி வந்து, இன்றே கையெழுத்திட வேண்டும் என்று அவசரப்படுத்துவோரை நம்பாது, ஸ்தல அதிகாரிகளிடம் விசாரித்துக்கொள்ளுதல்.

மான்யம் எதுவாயினும், அது செலவிடப்பட்ட தொகையைக் கொண்டு மதிக்கத்தக்கதன்று. வேலை முடிந்து ஒரு குளிர்காலம் கழிந்தபின் வீடு உலர்ந்தும் உஷ்ணமாயும் இருக்கிறதா, எண்ணெய்ச் செலவு குறைந்ததா என்று சென்று பார்த்து எழுதப்படும் குறிப்பே அதன் மெய்யான கணக்காகும். மான்யம் வழங்கும் அதிகாரிகளும் பெறும் குடிகளும் இதனை மனத்திற் கொண்டால் பொதுப் பணமும் வீணாகாது. குடும்பங்களும் நலம் பெறும்.