ஆடிட்டர் இழுப்பறையில் உங்கள் கையெழுத்து

பல ஆடிட்டர் அலுவலகங்களில் ஒரு இழுப்பறை உண்டு. பென்டிரைவ் மாதிரி இருக்கும் யூஎஸ்பி டோக்கன்கள் ரப்பர் பேண்ட் போட்டு அதில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஸ்டிக்கர்: கம்பெனிப் பெயர், இயக்குநர் பெயர். சிலவற்றில் பின் நம்பரும் அங்கேயே எழுதியிருக்கும். எழுதாவிட்டாலும் வாங்கும்போது வந்த 12345678-ஐயே மாற்றாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். கடைசித் தேதி நெருங்கும்போது ஒவ்வொரு கிளையண்டையும் தேடிப் பிடிக்க முடியாது என்பார் ஆடிட்டர். "எல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்போம் நாம்.

அந்த டோக்கனுக்குள் இருப்பது டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 5-ஆவது பிரிவுப்படி, அதைக் கொண்டு போடும் கையொப்பத்துக்குப் பேனாவால் போட்ட கையெழுத்தின் மதிப்பு உண்டு. டோக்கனும் பின்னும் எவர் கையில் இருந்தாலும் அவர் உங்கள் பெயரில் கையெழுத்திடலாம். புது இயக்குநர் நியமனம், பதிவு அலுவலக முகவரி மாற்றம், கம்பெனிச் சொத்தின் மேல் கடன் பொறுப்பு ஆகியவற்றுக்கான படிவங்களில் அந்தக் கையெழுத்து விழலாம். செருகியது யார் என்று அரசு இணையதளத்துக்குத் தெரியாது.

ஆடிட்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, பெரும்பாலோர் நேர்மையானவர்களே. ஆனால் அந்த இழுப்பறையை அவர் மட்டுமா திறக்கிறார்? போன மாதம் வேலையை விட்டுப்போன உதவியாளரும்தான் திறந்திருப்பார்.

அதே சட்டத்தின் 42-ஆவது பிரிவைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். டோக்கனில் உள்ள, கையொப்பமிடப் பயன்படும் ரகசியச் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது சான்றிதழ்தாரரின் கடமை. அது கைமீறிப் போனால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை பொறுப்பு உங்களுடையதே. "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்பது அதனால் பலவீனமான வாதம். பின்னை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால் இன்னும் பலவீனம்.

சரி, என்ன செய்வது? டோக்கன் உங்களுடையது, கேட்டால் தர வேண்டும். வாங்கியதும் பின்னை மாற்றுங்கள். டிஎஸ்சி விண்ணப்பத்தில் உங்கள் செல்போன், மின்னஞ்சல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடிட்டர் அலுவலக எண் இருந்தால் எந்தத் தகவலும் உங்களுக்கு வராது. தாக்கலுக்காகக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தேதி போட்ட ரசீது வாங்குங்கள், வேலை முடிந்ததும் திரும்ப வாங்குங்கள். தனிநபர் வருமான வரி ரிட்டர்னை ஆதார் ஓடிபி மூலமே சரிபார்த்துவிடலாம். அதற்கு டோக்கன் தேவையே இல்லை.

டோக்கன் தொலைந்தாலோ ஆடிட்டர் திருப்பித் தர மறுத்தாலோ, 38-ஆவது பிரிவின்கீழ் சான்றிதழை ரத்து செய்யும்படி வழங்கிய நிறுவனத்துக்கு அன்றே எழுதுங்கள். தவறாகப் பயன்படுத்தியிருந்தால் cybercrime.gov.in தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் செய்யலாம். பிறர் மின்னணுக் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66-சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. செய்தவர் பட்டயக் கணக்காளர் என்றால், அவர்களுடைய இன்ஸ்டிடியூட்டின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்கும் புகார் அனுப்பலாம்.

ரத்து செய்தால் இனிமேல்தான் கையெழுத்திட முடியாது. ஏற்கெனவே தாக்கலானவை அப்படியே இருக்கும். அதனால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் உங்கள் கம்பெனிப் பெயரைப் போட்டு, இயக்குநர்கள் யார், என்னென்ன கடன் பொறுப்புகள் பதிவாகியிருக்கின்றன என்று அவ்வப்போது பாருங்கள். உங்கள் டோக்கன் எங்கே இருக்கிறது என்று ஆடிட்டருக்கு இன்றே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.