மெழுகில் செதுக்கி வெள்ளியில் வார்த்தல்

ஒருவர் தமக்கென்றே ஒரு வெள்ளி மோதிரம் கேட்டால், அதை முதலில் கடின மெழுகில் செதுக்கிக் காட்டலாம். மெழுகில் திருத்துவது எளிது. வெள்ளியில் திருத்துவது கடினம். ஆகவே விரலளவையும் வேலைப்பாட்டையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி இறுகும்போது சற்றுச் சுருங்கும், மெருகிடும்போது தேயும் என்பதால் மெழுகுரு சிறிது தடிப்பாக இருக்கட்டும்.

அடுத்து மெழுகை நிறுக்க வேண்டும். 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும் மீதி செம்புமான நகை வெள்ளி, மெழுகைவிட ஏறத்தாழ 11 மடங்கு பாரமானது. மெழுகு 1 கிராம் என்றால் வார்ப்பு 11 கிராம் வரும். விலையை இப்போதே பேசிவிடலாம்.

பின்னர் மெழுகுருவுக்கு மெழுகுக் காம்பு பொருத்தி, அதை உலோகக் குழாயினுள் நிறுத்தி, வார்ப்புச் சாந்து ஊற்றுவர். சாந்துத் தூளில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். முகமூடி அவசியம். இறுகிய அச்சைச் சூளையில் படிப்படியாக ஏறத்தாழ 700 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் மெழுகு உருகி எரிந்துபோகும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய வெள்ளி செலுத்தப்படும். அச்சில் ஈரமிருந்தால் நீராவி உலோகத்தைச் சிதறடிக்கும்; அவதானம்.

அச்சை உடைத்தே மோதிரத்தை எடுக்க வேண்டும். வார்ப்புப் பிழைத்தால் மெழுகும் இல்லை, அச்சும் இல்லை. மறுபடி செதுக்க வேண்டியதுதான். எனவே வெள்ளியின் நிறைக்கு மட்டுமன்றி, செதுக்கிய நாட்களுக்கும் கூலி கணக்கிடுங்கள்.