குட்டி யானைக்கு இடம் உண்டா?

யானை கட்டித் தீனி போடுவது என்பது அந்தக் காலத்தில் ஜமீன்தார்களுக்கே கட்டுப்படியாகாத காரியம். இன்றைக்குச் சென்னையில் சாதாரண மனிதர்கள் யானை வைத்திருக்கிறார்கள். தீனிக்குப் பெட்ரோல் பங்க் இருக்கிறது. கட்டுவதற்குத்தான் இடமில்லை!

2005-ம் வருஷம் டாடா கம்பெனியார் 'ஏஸ்' என்ற சின்ன சரக்கு வண்டியை வெளியிட்டார்கள். வடக்கே அதற்கு 'சோட்டா ஹாத்தி' என்று பெயர். நம் ஊரில் 'குட்டி யானை'. காய்கறி மூட்டையா, தண்ணீர் கேனா, கல்யாணப் பாத்திரமா, வீடு மாற்றும்போது பீரோவும் கட்டிலுமா, எல்லாவற்றுக்கும் அதுதான். அப்பேர்ப்பட்ட உபகாரியை ராத்திரி எங்கே நிறுத்துவது என்பதில்தான் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சண்டை நடக்கிறது.

உங்கள் குடியிருப்பையே எடுத்துக்கொள்வோமே. பதினாறு வீடுகள், கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம். இரண்டாவது மாடிக்கு ஒருவர் வீடு வாங்கிக்கொண்டு வருகிறார். கார் நிறுத்த ஓர் இடமும் அவர் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. பால் காய்ச்சியாகிறது, வீட்டுக்கு வீடு லட்டும் வந்து சேருகிறது. இரவு எட்டு மணிக்கு, மஞ்சள் போர்டு போட்ட குட்டி யானை ஒன்று கேட்டுக்குள் நுழைகிறது. மறுநாள் காலையில் சங்கக் காரியதரிசி மாடிப்படி ஏறுகிறார்.

"ஸார், இது குடும்பங்கள் இருக்கிற இடம். லாரி ஷெட் இல்லையே!"

"எனக்கு விட்ட இடத்தில்தானே ஸார் நிறுத்தியிருக்கிறேன்?"

"கார் பார்க்கிங் என்றுதானே ஸார் போட்டிருக்கிறது?"

"காரை விட இது சின்னது ஸார்!"

வேடிக்கை என்னவென்றால், அவர் சொல்வது வாஸ்தவம். தமிழ்நாட்டில் 2019-ல் வந்த கட்டட விதிகள், ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும் என்கின்றன. குட்டி யானையின் நீளம் சுமார் 3.8 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். பக்கத்தில் கம்பீரமாக நிற்கிறதே இன்னோவா, அது 4.7 மீட்டருக்கும் மேல், அகலமும் 1.8 மீட்டரைத் தாண்டும். அதை யாரும் லாரி என்று சொல்வதில்லை. மஞ்சள் மங்களகரமானது என்பார்கள். நம்பர் பலகையில் ஏறினால் மட்டும் அது எப்படியோ அமங்களமாகிவிடுகிறது!

அதற்காகக் காரியதரிசியை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் வருகிற புகார்களில் நியாயமும் உண்டு. கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போகிறவர் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். டீசல் எஞ்சின் கீழே உறுமினால் முதல் மாடிக் குழந்தை எழுந்துகொள்ளும். வண்டி பின்னால் நகரும்போது 'பீப், பீப்' என்று கத்துகிறதே, அது இன்னும் மோசம். மீன் ஏற்றுகிற வண்டியானால் தண்ணீர் சொட்டும். இரண்டு நாளில் பூனைகள் வந்துவிடும். காலிப் பெட்டிகள் இன்று நாலு, நாளை நாற்பது என்று சுவரோரம் ஏறும். மேலே கூண்டு கட்டிய வண்டியானால், தளத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாயில் ஒரு நாள் இடித்தே தீரும். சமையல் காஸ் சிலிண்டர் ஏற்றிய வண்டி என்றால் விவாதத்துக்கே இடமில்லை. பதினாறு குடும்பங்கள் தூங்குகிற கட்டடத்துக்கு அடியில் அதை நிறுத்தவே கூடாது.

சரி, வண்டிக்காரர் தெருவிலேயே நிறுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. தார்ப்பாயும் காணாமல் போகும். மூன்று மணிக்கு வந்து பார்த்து, வண்டி கிளம்பாவிட்டால், அன்றைய சரக்கு போயிற்று. சரக்குப் போனால் வாடிக்கைக் கடைக்காரர் வேறு வண்டியைத் தேடிக்கொள்வார். மாதம் பிறந்தால் கடன் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும். மேல்வீட்டுக்காரருக்கு இது தூக்கம் கெடுகிற விஷயம். இவருக்கோ அடுப்பு எரிகிற விஷயம். இரண்டையும் ஒரே தராசில் போட என் மனம் ஒப்பவில்லை.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற வாரியக் குடியிருப்புகளில் சண்டை வேறு தினுசு. அங்கே ஆட்டோவும் சரக்கு வண்டியும்தான் பலருக்குப் பிழைப்பு. யார் எந்த மூலையில் நிறுத்துவது என்று வாக்குவாதம் வரும். மஞ்சள் போர்டு கௌரவக் குறைச்சல் என்று யாரும் சொல்வதில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 2010-ல் மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. தூண்களுக்கு நடுவே உள்ள வண்டி நிறுத்துமிடத்தை, வீடு மாதிரித் தனிச் சொத்தாக, கட்டடம் கட்டியவர் விற்க முடியாது என்று. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டமோ, திறந்தவெளி நிறுத்துமிடம் எல்லோருக்கும் பொது என்று நாடு முழுவதற்கும் சொல்கிறது. ஆகவே, "என் இடம், என் இஷ்டம்" என்று வண்டிக்காரர் அடித்துச் சொல்வதற்கில்லை. அதே சமயம், "நான் சொல்வதுதான் ரூல்" என்று காரியதரிசியும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 1994-ம் வருஷத்து அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் புதுச் சட்டம் இயற்றி, 2024 மார்ச் முதல் அமுலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு தடை வேண்டுமென்றால் சங்கத்தின் பைலாவில் எழுதியிருக்க வேண்டும்; பொதுக்குழு கூடி முடிவு செய்திருக்க வேண்டும். லிஃப்ட் பக்கத்தில் சாக்பீஸால் எழுதி வைப்பது சட்டமாகாது. உங்கள் பைலாவைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்? பெரும்பாலும் அது முன்னாள் காரியதரிசியின் பீரோவில் இருக்கும்.

பைலாவில் "சரக்கு வண்டி கூடாது" என்று ஒரே வரியாக எழுதுவதும் புத்திசாலித்தனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆட்சேபம் வண்டியிடமா, சத்தத்திடமா, நாற்றத்திடமா என்று பிரித்துப் பார்த்து எழுத வேண்டும். ராத்திரி சரக்கோடு நிற்கக் கூடாது, பெட்டி அடுக்கக் கூடாது, இத்தனை அடி உயரத்துக்கு மேல் ஆகாது என்று எழுதினால், வண்டிக்காரரும் மறுக்கமாட்டார். எட்டு மணிக்கு உள்ளே வரும்போதே ரிவர்ஸில் ஏற்றி நிறுத்திவிட்டால், விடியற்காலையில் நேரே வெளியே போகலாம். 'பீப்' சத்தமே கிடையாது. எஞ்சினை எழுப்பி நின்ற இடத்திலேயே உறும விடாமல் உடனே கிளம்ப வேண்டும். 2022-ல் மின்சாரக் குட்டி யானையும் வந்துவிட்டது. அது பூனை மாதிரி போகும். ஆனால் சார்ஜ் செய்கிற கரண்ட் யார் மீட்டரில் என்று புதிதாக ஒரு சண்டை ஆரம்பமாகும்!

இன்னொரு சமாசாரம். குறுக்கே நிற்கிற வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால், உங்கள் கார் லைசென்ஸே போதும். 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஐந்து நீதிபதிகள் பெஞ்ச் சொல்லிவிட்டது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்தால் பாதித் தகராறு தீரும்.

மீதிப் பாதி தீர ஒரு வழி, இடத்தை மாற்றிக்கொள்வது. குட்டி யானைக்காரரின் இடம் உள்ளே, படுக்கையறை ஜன்னல்களுக்கு நேர் கீழே இருக்கும். கேட்டை ஒட்டிய இடம் வேறொருவருடையதாக இருக்கும். சங்கத்தின் சம்மதத்தோடு இருவரும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டால் போதும். அதற்குக் கேட்டோரத்துக்காரர் ஒப்புக்கொள்வாரா என்கிறீர்களா? அவருடைய புதுக் கார் சாயங்கால வெயிலில் வெந்துகொண்டிருக்கிறதே என்று அவர் வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறது. போய்க் கேட்டுத்தான் பாருங்களேன்.