உயிருள்ள தவிடு

முளைக்கும் மணிக்குள் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் வெறும் சர்க்கரையை வைத்துக்கொண்டு எந்த முளையும் புதிதாக ஒரு செல்லைக்கூடக் கட்ட முடியாது. செல்சவ்வுக்குப் பாஸ்பரஸ் வேண்டும், பச்சையத்துக்கு மெக்னீசியம் வேண்டும், சுவாச நொதிகளுக்கு இரும்பு வேண்டும். விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போடுகிறோம். நாற்றங்கால் சேற்றை அது இன்னும் தொடவில்லை. அதற்குள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறதே, அதற்கான தாதுக்களை யார் கொடுத்தது?

உமி நீக்கிய அரிசியைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். நடுவில் தெரியும் வெள்ளைப் பகுதி முழுவதும் மாவுச்சத்து நிரம்பிய செல்கள். விதை முற்றும்போதே அவை செத்துவிட்டன. அவற்றைச் சுற்றிலும் மெல்லிய ஓர் அடுக்கு, அல்யூரோன். நெல்லிலும் கோதுமையிலும் பெரும்பாலும் ஒரே செல் கனம்தான்; பார்லியில் மூன்று. காய்ந்த மணியில் கருவைத் தவிர உயிரோடு இருப்பது இந்த அடுக்கு மட்டுமே. ஆலையில் அரிசியைத் தீட்டும்போது நாம் தவிடாகத் தள்ளிவிடுவதில் இதுவும் கருவும்தான் சத்தான பங்கு.

இந்தச் செல்களுக்குள் புரத உருண்டைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இன்னும் சிறிய மணிகள், அவைதான் பைட்டின். ஆறு கார்பன் கொண்ட ஒரு வளையம், ஒவ்வொரு கார்பனிலும் ஒரு பாஸ்பேட். இந்தப் பாஸ்பேட்டுகள் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் இறுகப் பிடித்துவைத்திருக்கின்றன. கூடவே கொஞ்சம் கால்சியம், இரும்பு, துத்தநாகம். நெல்மணியிலுள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வடிவில்தான் கிடக்கிறது. மக்காச்சோளத்தின் வழி வேறு. அதில் பைட்டின் பெரும்பாலும் கருவுக்குள்ளேயே இருக்கும்.

பைட்டினை உடைக்கும் நொதி பைட்டேஸ். 1907-இல் ஜப்பானில் உமேதாரோ சுசுகியும் உடன் ஆய்வாளர்களும் அதை அரிசித் தவிட்டில் கண்டறிந்தார்கள். காய்ந்த கோதுமையிலேயே இந்த நொதி கணிசமாக உண்டு. நெல்லில் குறைவு, முளைவிடும்போதுதான் பெருகுகிறது.

உடைக்கச் சொல்லி உத்தரவிடுவது யார்? 1960-இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் தனித்தனியே இதற்கு வழி திறந்தார்கள். பார்லி மணியை வெட்டி, கரு இல்லாத பாதியை நீரில் வைத்தால் மாவு பெரும்பாலும் மாவாகவே இருக்கும். அதே நீரில் மிகச் சிறிதளவு ஜிப்பெரெல்லின் சேர்த்தால் போதும், மாவு கரைந்து சர்க்கரை வெளிவருகிறது. கரு அனுப்பும் சேதிதான் ஜிப்பெரெல்லின். அதைக் கேட்டு வேலையில் இறங்குவது அல்யூரோன். 1973-இல் ரஸ்ஸல் ஜோன்ஸ் பார்லியின் அல்யூரோனை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்தார். அதே ஜிப்பெரெல்லின் பட்டதும் பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட் மூன்றும் அதிலிருந்து வெளியேறின.

மாவும் தாதுவும் இங்கே எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அல்யூரோன் வெளிவிடும் மாலிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் மாவுப் பகுதியைப் புளிப்பாக்குகின்றன. அந்தப் புளிப்பில்தான் செரிமான நொதிகள் சுறுசுறுப்பாகின்றன. மாவை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸோ, கால்சியம் இல்லாவிட்டால் தன் உருவத்தையே இழந்துவிடும். தாதுக்களை மாவுக் கதையின் பின்குறிப்பாகச் சொல்வது நியாயமே இல்லை.

நம் குடலில் பைட்டேஸ் மிகக் குறைவு. அதனால் பைட்டின் பிடித்துவைத்த இரும்பும் துத்தநாகமும் பெருமளவு வீணாகின்றன. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அந்த முளைப்பில் பைட்டின் குறைகிறது. 1990-களில் அமெரிக்காவில் விக்டர் ராபாய் வேறு வழியில் போனார். பைட்டின் குறைந்த மக்காச்சோளத்தையும் பார்லியையும் உருவாக்கினார். அத்தகைய வகைகள் பலவற்றில் முளைப்போ விளைச்சலோ குறைந்தது. விதை தனக்கென்று வைத்திருப்பதில் கைவைப்பதைவிட, உண்பதற்கு முன் அதையே முளைக்கவிட்டு உடைக்கச் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

விடுபட்ட தாதுக்களைக் கருவின் ஒரு பகுதியான ஸ்குடெல்லம் உறிஞ்சி, வேருக்கும் குருத்துக்கும் அனுப்புகிறது. சேமிப்பு தீரத்தீர அல்யூரோன் செல்களில் குமிழிகள் ஒன்றோடொன்று கலந்து பெரிதாகி, கடைசியில் செல்லும் சாகிறது. மூன்றாம் இலை விரிகிறவரை நாற்று பெரிதும் விதையை நம்பியே நிற்கிறது. பிறகு இரும்பை மண்ணில்தான் தேட வேண்டும். அதற்காகப் புல்லினப் பயிர்கள் வேரிலிருந்து சுரக்கும் பொருளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)