டுகாட்டின் தராசு

'ஒரு பண்பாட்டை அதன் சொந்த விழுமியங்களைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நாம் யார்?' ஐரோப்பிய மையவாதத்திற்கு எதிராக எழுந்த நியாயமான கேள்வி இது. ஆனால் இதே கேள்வியை ஓர் ஆக்கிரமிப்பாளன் கேட்டால்? அதையும் ஏத்துக்க வேண்டியதுதானா?

1993 முதல் 1999 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைத் தொடரின் வில்லன் குல் டுகாட். 'குல்' என்பது இராணுவப் பதவி. பஜோர் என்ற கோளைப் பல பத்தாண்டுகள் அடிமைப்படுத்திய கார்டாசியர்களின் கடைசி நிர்வாகி இவன். கார்டாசியர்களுக்கு அரசும் குடும்பமும்தான் எல்லாம்.

1998இல் வந்த 'வால்ட்ஸ்' பகுதியில் டுகாட் தன் தரப்பைச் சொல்கிறான். முகாம்களின் உற்பத்தி இலக்கைப் பாதியாகக் குறைத்தானாம். குழந்தை உழைப்பை ஒழித்தானாம். சாவு விகிதம் 20 சதம் குறைந்ததாம். அப்படியும் பஜோரியர்கள் நன்றி காட்டலையே என்பது அவன் ஆதங்கம். முகாம் இருக்கலாமா என்ற கேள்வி அவனுக்கு எழவே இல்லை.

சரி, அவன் தராசிலேயே அவனை நிறுத்துப் பார்ப்போம். அரசியல் எதிரி ஒருவனின் மகனை, பின்னாளில் தகப்பனை அவமானப்படுத்த உதவும் என்று, பஜோரிய அநாதை இல்லத்தில் விட்டுவைத்தவன் டுகாட். குடும்பமே புனிதம் என்னும் சமூகத்தில் இதைவிடப் பெரிய குற்றம் எது? 1997இல் வந்த கதையில், பதவிக்காக நாட்டையே டொமினியன் என்ற வல்லரசிடம் ஒப்படைக்கிறான். 1999இல் தொடர் முடியும்போது, அதே டொமினியனின் கையால் 80 கோடி கார்டாசியர்கள் செத்துக் கிடக்கிறார்கள். குடும்பம், அரசு இரண்டிலும் அவன் தோற்றவன்.

இத்தோடு விஷயம் முடிந்ததா? இல்லை. பஜோரியப் பெண்ணுக்குத் தனக்குப் பிறந்த மகள் ஸியாலைக் கொல்லத்தான் முதலில் கிளம்புகிறான். கடைசியில் மனம் மாறி வீட்டுக்கு அழைத்து வருகிறான். கார்டாசியச் சமூகம் அவனைத் தண்டித்தது இதற்காகத்தான். மனைவி பிள்ளைகளோடு போய்விடுகிறாள். பதவி இறங்கிச் சரக்குக் கப்பலுக்குத் தலைவனாகிறான். அவன் செய்த ஒரே மனிதச் செயலைக் குற்றம் என்கிறது அந்தத் தராசு. ஆகவே தராசையும் சோதித்தாக வேண்டியிருக்கிறது.

யார் சோதிப்பது? அதே பண்பாட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது. 1993இல் வந்த 'டூயெட்' பகுதியில் மாரிட்ஸா என்றொரு எழுத்தர். முகாமில் கேட்ட ஓலத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டவர். பின்னாளில், இறந்துபோன முகாம் தளபதியாகத் தானே வேஷம் போட்டு வந்து மாட்டிக்கொள்கிறார். தன்னை விசாரிக்கும் சாக்கில் கார்டாசியா தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். இவரும் கார்டாசியர்தானே? டுகாட்டின் விழுமியம் மட்டும் 'கார்டாசியப் பண்பாடு' என்றும், மாரிட்ஸாவுடையது தனிமனிதக் கிறுக்கு என்றும் யார் முடிவு செய்தது?

பண்பாட்டுச் சார்புவாதம் சறுக்குகிற இடம் இதுதான். ஒரு பண்பாட்டுக்கு ஒரே குரல் என்று அது நம்பிவிடுகிறது. அந்தக் குரல் பெரும்பாலும் அதிகாரத்தில் இருப்பவனுடையதாகப் போய்விடுகிறது. தட்டில் வைக்கப்படாத பஜோரியர்களின் கணக்கோ வரவே வராது.

'எங்க வழக்கம் இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் உடனே மறுக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். அந்த 'எங்க'வுக்குள் யார் யார் இருக்கிறார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று விசாரிப்போம்.