தமிழ் வினையும் முக்காலமும்

காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாகப் பகுத்தல் தமிழிலக்கண நூலார் பெரும்பாலார்க்கும் உடன்பாடாம். தொல்காப்பியர் வினையியலின் தொடக்கத்திலேயே இப்பகுப்பினைக் கூறுகின்றார். தொழில் கழிந்தமை இறப்பு என்றும், தொடங்கிய தொழில் முற்றுப்பெறாது நிற்றல் நிகழ்வு என்றும், தொழில் பிறவாமை எதிர்வு என்றும் சேனாவரையர் அதனை விளக்குவர். இதனைக் கற்கும் மாணவன், காலம் மூன்றாயின் அவற்றைக் காட்டும் வினைவடிவமும் என்றும் மூன்றாகவே இருந்திருத்தல் வேண்டும் என எண்ணிவிடுகின்றான். பழஞ்செய்யுளைப் படிக்குங்கால் அவன் இடர்ப்படுவது இவ்வெண்ணத்தினாலேயே.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூல், இறந்த காலத்துக்குத் த், ட், ற், இன் என்பனவற்றையும், நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்பனவற்றையும், எதிர்காலத்துக்குப் ப், வ் என்பனவற்றையும் இடைநிலைகளாக வரையறுத்தது. தொல்காப்பியத்தில் இவ்வாறான பட்டியல் இல்லை. வினையோடு காலங்காட்டி வரும் உறுப்புக்கள் உண்டென்பதை இடையியலிற் குறித்த அளவில் ஆசிரியர் நின்றுவிடுகின்றார். சங்கச் செய்யுட்களை நோக்கினால், கின்று என்னும் இடைநிலை ஏறக்குறைய இல்லையென்றே கூறலாம். பிற்பட்டதெனக் கருதப்படும் பரிபாடல் போன்ற நூல்களில் அது தலைகாட்டத் தொடங்கி, பக்திப் பாடல்களிலே பெருகுகின்றது. ஆநின்று என்பதில் நில் என்னும் வினை வெளிப்படையாகவே கிடக்கின்றது. தொழிலில் நிலைத்து நிற்றலே நிகழ்காலமாயிற்று என்பது இதனாற் புலனாகும்.

அங்ஙனமாயின் சங்கப் புலவர் நிகழ்வதை எவ்வாறு கூறினர்? ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினையே அப்பணியைப் பெரிதும் ஆற்றியது. அது நிகழ்வையும் எதிர்வையும் ஒருங்கே தழுவும். எனவே, பழம்பாட்டில் ஒரு பறவை ‘கூவும்’ என வந்தால், அதனை ‘இனிமேற் கூவும்’ என்று மட்டும் உரைப்பது பாட்டின் காட்சியையே கெடுத்துவிடும். பறவை அவ்விடத்திலேயே கூவிக்கொண்டிருக்கவுங்கூடும். கழிந்தது, கழியாதது என்னும் இரண்டே வினைவடிவத்தில் அக்காலத்து முதன்மையாக நின்ற வேறுபாடு. நிகழ்காலத்துக்கெனத் தனிவடிவம் பின்னரே வலுப்பெற்றது.

பழைய நிலையின் எச்சம் இன்றும் நம் நாவில் உண்டு. ‘ஞாயிறு கிழக்கே தோன்றும்’ என்கின்றோம். நாளை மட்டுமா தோன்றும்? ‘அந்நாளில் பாட்டனார் சந்தைக்கு நடந்தே போவார்’ என்கின்றோம். பாட்டனார் மறைந்து ஆண்டுகள் பல ஆகியிருக்கும். வினையோ எதிர்கால இடைநிலையைத் தாங்கி நிற்கின்றது. இங்கே வ் என்பது வழக்கத்தைக் காட்டுகின்றதேயன்றி வருங்காலத்தையன்று. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெலும் இவ்வெதிர்கால வடிவம் வழக்கச் செயலை உணர்த்துவதைக் கண்டார். எதிர்காலம் என்னும் பெயர் இவ்வடிவத்துக்குச் சற்றே சிறிய சட்டை எனலாம்.

எதிர்மறையின் நிலை இன்னும் வியப்பானது. ‘உண்ணான்’ என்பதிற் காலங்காட்டும் இடைநிலை இல்லை. நடவாத தொழிலுக்குக் காலம் எதற்கு என்று மொழி கருதியது போலும்! இக்கால வழக்கில் ‘வரவில்லை’ என்பது இறப்புக்கும் நிகழ்வுக்கும் பொதுவாகவும், ‘வரமாட்டான்’ என்பது எதிர்வுக்கு உரியதாகவும் பிரிந்துள்ளன.

யாழ்ப்பாணத்தார் விடைபெறுங்கால் ‘போட்டு வாறன்’ என்பர். ‘நாளைக்கு வாறன்’ என்றும் கூறுவர். நிகழ்கால வினை எதிர்வைச் சுட்டுகின்றது; காலத்தைத் தெளிவிப்பது ‘நாளைக்கு’ என்னும் சொல்லே. வீட்டினுள்ளிருந்து அழைக்கப்பட்டவன் அடியெடுத்து வைக்குமுன்பே ‘இந்தா வந்திட்டன்’ என்று குரல் கொடுப்பான். இதனைப் பொய்யென எவருங் கொள்வதில்லை. விரைவு கருதி, நிகழ்வதனையும் எதிர்வதனையும் இறந்த காலத்தாற் கூறலாம் எனத் தொல்காப்பியரே விதித்துள்ளார். நன்னூலார் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்பனவற்றையுஞ் சேர்த்துக் காலம் பிறழ்தற்கு இடந்தருகின்றார். ஆகவே, ‘நாளை வருகிறேன்’ என்று கட்டுரையில் எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையாற் சுழித்து மதிப்பெண் குறைப்பது நன்னூலுக்கும் உடன்பாடன்று.

அண்டை மொழிகளை நோக்கினால் இவ்வுண்மை மேலும் விளங்கும். பேச்சுச் சிங்களத்தில் ‘யனவா’ என்னும் ஒரே வினை ‘போகிறேன்’, ‘போவேன்’ என இருபொருளும் தரும். இறந்த காலத்துக்கு மட்டுமே வேறு வடிவம் உண்டு. இந்தியிலோ ‘கல்’ என்னும் சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கும். எந்த நாள் என்பதை வினையே அறிவிக்கும். யாழ்ப்பாண வழக்கில் வினைக்குச் சொல் துணைநிற்க, அங்கே சொல்லுக்கு வினை துணைநிற்கின்றது.

காலச் சொற்களுள் முன், பின் என்னும் இரண்டும் தனியே நோக்கத்தக்கன. கண்ணெதிரே இருப்பது முன். முதுகுப்புறம் இருப்பது பின். ஆயினும், கழிந்த நாளை முன்னாள் என்றும், வரும் நாளைப் பின்னாள் என்றும் வழங்குகின்றோம். ஒரே வழியில் நடப்பவருள் முந்திச் சென்றவர் முன்னோர். தொடர்ந்து வருபவர் பின்னோர். ‘எதிர்காலம்’ என்னும் சொல் மட்டும் இவ்வரிசையில் அடங்காது, நம்மை நோக்கி எதிரே வருவதாகக் காலத்தைக் காட்டுகின்றது.